வெள்ளைக்குக் கீழே சிவப்பு

கெலாங் பாத்தாவில் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ விளக்குப் போட வேண்டும் என்றால் கிருஷ்ணம்மாவிடம்தான் போவார்கள். வேறு ஆள் இல்லாமல் இல்லை. மற்றவர்கள் நாம் கேட்கிற அளவுக்கு விளக்குப் போடுவார்கள். கிருஷ்ணம்மா தன் மனம் நிறைகிற வரைக்கும் போடுவார். வாசலில் மாமரம் இருந்தால் அதற்கும் போடுவார், பக்கத்து வீட்டு மாமரத்துக்கும் போடுவார். ஒரு முறை இருட்டில் மாப்பிள்ளையின் காரை வேலி என்று நினைத்து அதைச் சுற்றி, அணைந்து அணைந்து எரிகிற லிப்லாப் விளக்கைக் கட்டிவிட்டார். மறுநாள் மாப்பிள்ளை காரை எடுத்தபோது பாதிப் பந்தலும் கூடவே கிளம்பியது.

கிருஷ்ணம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் ஜொகூர் பாருவில் ஒரு மின்சாமான் தொழிற்சாலையில் சோல்டரிங் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பெட்டி ஏற்ற வந்த லோரிக்காரர் காளிதாஸைப் பார்த்து அவர் முதன்முதலில் பேசிய வார்த்தை, "பின்லைட் எரியாமலா இவ்வளவு தூரம் வந்தீங்க? சாகறதுக்கா?" என்பதுதான். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே அந்த விளக்கைச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு காளிதாஸின் லோரியில் ஏதாவது ஒரு விளக்கு அடிக்கடி கெட்டுப்போனது. கல்யாணம் ஆனதும்தான் அது நின்றது.

இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் விளக்கு வாடகைத் தொழில். அதில் கிருஷ்ணம்மாவுக்குப் பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. பெட்டி மாறிப்போய் ஒரு சாவு வீட்டு வாசலில் 'நல்வரவு' என்று எழுத்து ஓடுகிற விளக்குப் பலகை எரிந்ததை ஊரில் இன்னும் யாரும் மறக்கவில்லை. செத்தவரின் தம்பி பாய்ந்து வந்து சத்தம் போட்டார். கிருஷ்ணம்மா அசையவில்லை.

"வர்றவங்களுக்குத்தானே போட்டிருக்கு அண்ணே, போறவருக்கு இல்லையே," என்றார்.

அந்தத் தம்பி கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, பலகை இருக்கட்டும், ஓடாமல் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார்.

காளிதாஸ் மனைவிக்கு நேர் எதிர். எதற்கும் தலையாட்டுவார். முழங்கால் வலி வந்து லோரி ஏற முடியாமல் போனதும், லோரியை அக்கா மகனிடம் விட்டுவிட்டுப் பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். படகு ஓட்டும் லைசென்ஸ் வகுப்புக்குப் போய் அங்கேயும் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்து எப்படியோ தேறினார். காலையில் போய்த் தூண்டில் போடுவார், வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுவார். இருட்டில் ஓட்ட வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. அதனால் படகில் இருந்த விளக்குகளை அவர் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

கிருஷ்ணம்மாவும் படகுப் பக்கம் போனதில்லை. மகள் ஷர்மினிக்குச் சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் அதற்கு ஒரு காரணம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பொந்தியான்காரர்கள், யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா சிவகணேசன் ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னும் சட்டைப் பையில் பேனா குத்தாமல் வாசல் தாண்ட மாட்டார். அம்மா கமலாம்பிகை அதிகம் பேசாதவர். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் ஓவர்டைம் வேலையில் இருந்ததால், பெரியவர்கள் நால்வரும் மட்டும் ஒரு சனிக்கிழமை கடல் நடுவில் இருக்கிற கேலோங் சாப்பாட்டுக் கடைக்குப் போய் நண்டு சாப்பிடுவதென்று முடிவானது. கேலோங் என்பது மரத்தூண்களின் மேல் நிற்கிற மீன் பண்ணை. அங்கே படகில்தான் போக முடியும். திரும்பும்போது இருட்டிவிடும்.

படகைப் பார்ப்பதற்காகக் கிருஷ்ணம்மா படகுகள் கட்டுகிற ஜெட்டிக்கு வந்தார். காளிதாஸ் விளக்குகளைப் போட்டுக் காட்டினார். மூக்கில் சின்னதாக ஒரு சிவப்பு, ஒரு பச்சை. பின்னால் ஒரு கம்பில் ஒரே ஒரு வெள்ளை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"கண்ணு வலி வந்த பூனை மாதிரி இருக்கு. இதுலயா சம்பந்திய ஏத்திட்டுப் போவீங்க?"

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட ஆரம்பித்தார். கம்பின் உச்சியில் பெரிய வெள்ளை. வெள்ளை மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அதற்குக் கீழே ஒரு சிவப்பு. ஓரம் முழுக்க லிப்லாப். மூக்கில் இருந்த சிவப்பையும் பச்சையையும் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடியும் பொருத்தும்போதுதான் காளிதாஸ் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"சிவப்பு இடது பக்கம்னு வகுப்புல சொன்ன ஞாபகம்."

"யாரோட இடது? படகோட இடதா, எதிர்ல நின்னு பார்க்கிறவங்களோட இடதா?"

காளிதாஸ் யோசித்தார். எதிரில் நின்று யோசித்தார். பிறகு படகில் ஏறித் திரும்பி நின்று யோசித்தார்.

"அதான் தெரியலையே," என்றார்.

"பார்க்கிறவங்களுக்குத்தானே லைட்டு? அப்ப பார்க்கிறவங்க இடதுதான்," என்று சொல்லிக் கிருஷ்ணம்மா சிவப்பைப் படகின் வலது பக்கத்தில் பொருத்தினார். காளிதாஸ் தலையாட்டினார்.

சனிக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். பட்டுச் சேலைக்கு மேலே ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கமலாம்பிகை விறைப்பாக உட்கார்ந்தார். சிவகணேசன் பேனாவை உயிர்காப்புச் சட்டைக்கு மாற்றிக்கொண்டார். போகும்போது வெளிச்சம் இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. நண்டும் நன்றாக இருந்தது. மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பும்போது சூரியன் போய்விட்டது. கிருஷ்ணம்மா சுவிட்சைப் போட்டார். கேலோங்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"நான் எத்தனையோ ஸ்டேஷன் பார்த்தனான். இப்பிடி ஒரு வெளிச்சம் பார்க்கேல்லை," என்றார் சிவகணேசன். கிருஷ்ணம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பாதி வழியில் எதிரே ஒரு படகின் விளக்கு தெரிந்தது. அது பாக் சமாட்டின் படகு. காளிதாஸின் படகுக்குப் பக்கத்தில் கட்டுகிற வயதான மீனவர் அவர். வழக்கம்போல் அவர் எதிரே வருகிற படகின் விளக்கைப் பார்த்து அது எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டார். கணக்கு வரவில்லை. வலப்பக்கம் ஒதுங்கிப் பார்த்தார். இவர்களும் அவர் முன்னால் வந்து நின்றார்கள். இடப்பக்கம் ஒதுங்கினார், இவர்களும் ஒதுங்கினார்கள். குறுகலான நடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்து ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே நிற்பது போல இரண்டு படகும் ஆடின.

இதற்கு நடுவில் சிவகணேசன் எழுந்து நின்றுகொண்டார். பாக் சமாட்டின் படகு ஒரு பக்கம் திரும்பியதும் அதன் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது.

"சிவப்பு! நிப்பாட்டுங்கோ!"

காளிதாஸ் நிறுத்தினார். பாக் சமாட் மறுபக்கம் திரும்பினார். பச்சை தெரிந்தது.

"பச்சை விழுந்திட்டுது! போகலாம்!"

காளிதாஸ் கிளம்பினார். பாக் சமாட் பதறிப்போய் மறுபடியும் திரும்பினார்.

"சிவப்பு!"

கடைசியில் பாக் சமாட் எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து மலாயில் கத்தினார்: "ஹோய்! நீங்க வர்றீங்களா, போறீங்களா?"

"வர்றோம்!" என்றார் கிருஷ்ணம்மா.

"போறோம்!" என்றார் அதே நேரத்தில் காளிதாஸ். வீட்டுக்குப் போகிறோம் என்பது அவர் கருத்து.

பாக் சமாட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் படகு அசையாமல் நின்றதால் ஒரு வழியாக அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இன்னொரு படகு வருவதைக் கமலாம்பிகை கையால் காட்டினார். பாய் சுருட்டிக் கட்டிய உயரமான வெள்ளைப் படகு, எஞ்சினில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. இவர்கள் திரும்பினால் அதுவும் திரும்பியது. இவர்கள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது.

"நம்ம லைட்ட பார்த்துட்டு வர்றாங்க," என்றார் கிருஷ்ணம்மா. மரியாதைக்காக லிப்லாப்பை வேகமாக ஓடவிட்டுக் கையை ஆட்டினார். அந்தப் படகிலிருந்தும் இரண்டு பேர் நன்றியோடு கையை ஆட்டினார்கள்.

காளிதாஸுக்குக் கண்டல் காட்டோரமாக ஒரு குறுக்கு வழி தெரியும். தண்ணீர் வற்றினாலும் அவருடைய படகு அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அன்றும் போனது. பின்னால் வந்த உயரமான படகுக்கு அடியில் மீனின் துடுப்பு போல நீளமாக ஒரு பலகை இறங்கியிருந்தது. அது சேற்றில் மெத்தென்று போய் உட்கார்ந்துவிட்டது.

"பைலட்! பைலட்!" என்று அங்கிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கூப்பிட்டார்.

கிருஷ்ணம்மா வானத்தை அண்ணாந்து பார்த்தார். காளிதாஸும் பார்த்தார். விமானம் எதுவும் இல்லை.

சிவகணேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "ஐயா, இங்கே பைலட் யாரும் இல்லை. நான் ரயில்வே."

அந்தப் பெரியவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். சேற்றில் உட்கார்ந்திருக்கும்போது இருட்டிலிருந்து இப்படி ஒரு பதில் வந்தால் யாருக்குத்தான் என்ன சொல்லத் தோன்றும்?

நல்லவேளையாகப் பாக் சமாட்டுக்கு மனம் கேட்கவில்லை, பின்னாலேயே வந்துவிட்டார். பக்கத்தில் வந்து காளிதாஸின் படகை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அலாமாக், அக்கா," என்று மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வெள்ளைக்குக் கீழே சிவப்பு இருந்தால் அது பைலட் படகு. பெரிய கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டி அழைத்துப் போகிறவர் வரும் படகு அது. ஊருக்குப் புதிதான இந்தத் தம்பதி, மரினா என்கிற உல்லாசப் படகுத் துறைக்கு வழிகாட்ட யாரோ ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நம்பிப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"அதோட சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருக்கு. சிவப்பு, படகுல உட்கார்ந்து முன்னாடி பார்க்கிறவரோட இடது பக்கம் இருக்கணும். உங்க படகைப் பார்த்தா இடப்பக்கம் போற மாதிரி இருக்கு, ஆனா வலப்பக்கம் போகுது."

காளிதாஸ் 'நான் சொன்னேனே' என்று சொல்ல வாயெடுத்து, உடனே மூடிக்கொண்டார். அதனால்தான் அவர்கள் குடும்பம் நன்றாக ஓடுகிறது.

தண்ணீர் ஏறினால் அந்தப் படகு தானாக மிதக்கும் என்று பாக் சமாட் சொன்னார். அது வரை காத்திருக்க வேண்டும். சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? கமலாம்பிகை மீன் அள்ளும் வலையில் மிச்ச நண்டுப் பொட்டலத்தை வைத்து நீட்டினார். அங்கிருந்து பிஸ்கட் டின் ஒன்று திரும்பி வந்தது. சிவகணேசன் ரயில் கதைகளைச் சொன்னார். வெள்ளைக்காரர் அதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டார், அவருக்கும் வேறு வழியில்லை. தண்ணீர் ஏறியதும் பாக் சமாட் அந்தத் தம்பதியை மரினாவுக்கு அழைத்துப் போனார். போவதற்கு முன் சிவப்பையும் பச்சையையும் சரியான இடத்தில் மாற்றிவிட்டு, அந்த இரண்டையும் கம்பின் உச்சி வெள்ளையையும் தவிர மற்றதையெல்லாம் அணைக்கச் சொன்னார்.

"அக்கா, கடல்ல லைட்டு அழகுக்கு இல்ல. அது பேசுது. நீங்க என்னன்னு தெரியாம என்னென்னமோ பேசிட்டீங்க," என்றார்.

அன்று வீடு வந்து சேர்ந்த பிறகும் கிருஷ்ணம்மாவுக்கு அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏங்க, இத்தனை வருஷமா நான் போட்ட லைட்டு எதுவுமே பேசலையா?"

"'நல்வரவு'ன்னு ஒண்ணு பேசிச்சே," என்றார் காளிதாஸ்.

கிருஷ்ணம்மா தலையணையை எடுத்து அவர் மேல் எறிந்தார். ஆனால் மறுநாளே படகு லைசென்ஸ் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். சிவகணேசனுக்கு விஷயம் தெரிந்ததும் அவரும் சேர்ந்துகொண்டார். "இவ்வளவு காலம் பச்சைக் கொடி காட்டினனான். கடலில பச்சைக்கு என்ன அர்த்தமெண்டு தெரியாமல் போகக்கூடாது, பாருங்கோ," என்றார்.

வகுப்பு நடத்தியவர் ஃபரிடா என்ற இளம்பெண். ஷர்மினியின் வயதுதான் இருக்கும். பொறுமைசாலி. கிருஷ்ணம்மா வந்த பிறகு அந்தப் பொறுமைக்கு வேலை அதிகமானது. சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் வலையோ தூண்டிலோ போட்டு மீன் பிடிக்கிற படகு, பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் வலையை இழுத்துக்கொண்டே போகிற படகு என்று ஃபரிடா சொல்லிக்கொடுத்தால், கிருஷ்ணம்மா கையைத் தூக்கி, பச்சையும் வெள்ளையும் சேர்ந்தால் எடுப்பாக இருக்காது, நடுவில் ஒரு மஞ்சள் கொடுக்கலாம் என்பார். இரண்டு சிவப்பு ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் அந்தக் கப்பல் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள் என்றதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிவகணேசன் அவர்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

பரீட்சையில் ஒரு கேள்வி. நேர் எதிரில் ஒரே நேரத்தில் வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றும் தெரிந்தால் என்ன பொருள்? ஒரு கப்பல் நம்மை நோக்கி நேராக வருகிறது, வலப்பக்கம் திரும்பி ஒதுங்க வேண்டும் என்பது பதில். வாயால் கேட்டபோது கிருஷ்ணம்மாவுக்குப் பதற்றத்தில் வந்த பதில், "கோயில் திருவிழா."

சிவகணேசன் தேறினார். கிருஷ்ணம்மா தேறவில்லை. சிவகணேசன் பெருந்தன்மையான மனிதர்தான். ஆனாலும் அந்த வாரம் முழுக்கத் தினமும் போன் பண்ணி, "பரவாயில்லை சம்பந்தி, கவலைப்படாதையுங்கோ," என்று ஆறுதல் சொன்னார். கிருஷ்ணம்மாவுக்கு ஆறுதலில் கோபம்தான் ஏறியது.

எழுத்தில் படித்தால் தனக்கு ஏறாது, கண்ணால் பார்த்தால்தான் ஏறும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் குடியிருப்பான தாமானின் திடலில் அந்தக் காட்சிகள் நடந்தன. சூரியன் விழுந்ததும் காளிதாஸ் தலையில் ஒரு வெள்ளை விளக்கைக் கட்டிக்கொண்டு, இடது தோளில் சிவப்பும் வலது தோளில் பச்சையும் முதுகில் இன்னொரு வெள்ளையுமாகத் திடலில் நடப்பார். பக்க விளக்குகள் பின்னாலிருந்து தெரியக் கூடாது என்பதால் அட்டையில் மறைப்பு வெட்டி ஒட்டியிருந்தார்கள். கிருஷ்ணம்மா ஊஞ்சல் பக்கத்தில் நின்றுகொண்டு கத்துவார்.

"சிவப்பு தெரியுது! என் இடப்பக்கம் போறீங்க!"

"ஆமா!"

"இப்ப வெள்ளை மட்டும்தான் தெரியுது! முதுகைக் காட்டிட்டுப் போறீங்க!"

"தண்ணி குடிக்கப் போறேன், கிருஷ்ணா!"

பால்கனிகளில் நாற்காலி போட்டு நாங்கள் எல்லோரும் பார்த்தோம். டிவி பார்ப்பதை விட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகளும் வந்திருந்தார்கள். அன்றைய பாடம் இழுவைக் கப்பல். சாமான் ஏற்றிய பார்ஜ் என்கிற தட்டைத் தோணியைக் கயிறு கட்டி இழுத்துப் போகிற கப்பல் அது. அதன் கம்பத்தில் வெள்ளை விளக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எரியும். இரண்டு இருந்தால் ஏதோ இழுக்கிறது, மூன்று இருந்தால் ரொம்ப நீளமாக இழுக்கிறது என்று பொருள். காளிதாஸ் தலைக்கு மேல் ஒரு கழியில் மூன்று வெள்ளை கட்டி முன்னால் நடந்தார். அவர் இடுப்பிலிருந்து ஒரு நீளக் கயிறு. அதன் மறுமுனையில் சிவகணேசன், பார்ஜாக, தோளில் மங்கலான சிவப்பும் பச்சையுமாகக் கம்பீரமாக நடந்தார்.

அந்த நேரம் பார்த்து ஓட வந்தார் சதாசிவம், எங்கள் தாமான் சங்கத் தலைவர். முன்னால் ஒரு ஆள் விளக்கோடு போகிறார், ரொம்ப தூரம் தள்ளிப் பின்னால் இன்னொரு ஆள் வருகிறார், நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது என்று அதில் புகுந்தார். கயிறு காலைத் தட்டிவிட்டது. புல்தரையில் பொத்தென்று விழுந்தார்.

"என்ன கூத்து இது?"

"நான் இழுவைக் கப்பல் அண்ணே. சம்பந்தி பார்ஜ்," என்றார் காளிதாஸ், மூன்று விளக்கும் ஆட.

"நடுவுல ஒரு லைட்டு இல்லையே!"

"கயித்துக்கு லைட்டு கிடையாது அண்ணே," என்று கிருஷ்ணம்மா ஓடிவந்தார். "மேல மூணு வெள்ளை இருக்கு பாருங்க. பின்னாடி கயிறு இருக்குன்னு அதுதான் சொல்லுது. நீங்க பார்க்கலையா?"

சதாசிவம் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்க வேண்டிய இடம். சம்பந்தி வீட்டார் இருந்ததால் அடக்கிக்கொண்டார். அடியொன்றும் இல்லை, முழங்காலில் புல் கறைதான். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். உட்காருகிறவர் சும்மா எதற்கு என்று கிருஷ்ணம்மா அவர் கையில் ஒரு வெள்ளை விளக்கைக் கொடுத்தார். "நீங்க நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல். அசையாதீங்க." அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சதாசிவம் நங்கூரம் போட்ட கப்பலாக வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை.

மறு பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது நடந்தது. கிருஷ்ணம்மா இப்போதெல்லாம் காளிதாஸோடு கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அன்று மீன் நன்றாகக் கடித்ததால் கிளம்பத் தாமதமாகி, திரும்பும்போது இருட்டிவிட்டது. நிலவு இல்லை. குறுக்கே ஒரு கப்பல் போனது. அதற்கு வெகு தூரம் பின்னால் மங்கலாக ஒரு சின்னப் படகு போல ஏதோ தெரிந்தது. நடுவில் கறுப்பாக, அகலமாக, காலி இடம். காளிதாஸ் படகின் மூக்கை அந்த இடத்துக்கு நேராகத் திருப்பி வேகத்தைக் கூட்டினார்.

கிருஷ்ணம்மா முன்னால் போன கப்பலைப் பார்த்தார். கம்பத்தில் வெள்ளை. அதற்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே வெள்ளை.

"நிறுத்துங்க!"

"போன் விழுந்துடுச்சா?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல! மூணு வெள்ளைங்க! கயிறு!"

காளிதாஸுக்குப் புரிந்ததோ இல்லையோ, மனைவி சொன்னதைச் செய்கிற பழக்கம் இருந்தது. எஞ்சினை இழுத்து நிறுத்தினார். படகு தானாகக் கொஞ்ச தூரம் வழுக்கிப்போய் நின்றது. அவர்கள் முன்னால் தண்ணீரிலிருந்து தடித்த கம்பிக்கயிறு ஒன்று சொட்டச் சொட்ட எழும்பியது, விறைத்தது, மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியது. பிறகு அந்த மங்கலான 'சின்னப் படகு' வந்தது. வீடு உயரத்துக்கு மணல் குவித்த பார்ஜ். ஒரு ஆள்கூட அதில் இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. கறுப்புச் சுவர் ஒன்று நகர்வது போல நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு போனது. அது போய்க்கொண்டே இருந்தது.

அது போன பிறகு அலை வந்து அவர்கள் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கிருஷ்ணம்மா காளிதாஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சதாசிவம் அண்ணன் புல்லுல விழுந்தாரு," என்றார் காளிதாஸ் கடைசியில். "நம்ம எங்க விழுந்திருப்போம்?"

கிருஷ்ணம்மாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு சதாசிவம் விழுந்த விதம் கண் முன்னால் வந்தது. அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். ஷர்மினியிடம் இதைச் சொல்லக் கூடாது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டு மெதுவாகக் கரை சேர்ந்தார்கள்.

மறு பரீட்சையில் கிருஷ்ணம்மா எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். இழுவைக் கப்பல் கேள்வி வந்தபோது, அதன் பின்பக்கம் வெள்ளைக்கு மேலே ஒரு மஞ்சளும் எரியும் என்பதைக் கேட்காமலே சேர்த்துச் சொன்னார். ஃபரிடா எழுந்து கை கொடுத்தார். சிவகணேசன் அன்று போன் பண்ணவில்லை, இனிப்போடு நேரிலேயே வந்தார்.

ஷர்மினியின் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. கிருஷ்ணம்மா இன்னும் விளக்குப் போடுகிறார், இன்னும் கேட்டதற்கு மேல்தான் போடுகிறார். கரையில் அவரை யாரும் மாற்ற முடியாது. ஆனால் ஜெட்டிக்கு வந்துவிட்டால் வேறு ஆள். எந்தப் படகில் பல்பு செத்திருக்கிறது, எந்தப் படகில் பக்க விளக்கை மீன் டின் மறைக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவார். அவர் தலை தெரிந்தால் மீனவர்கள் அவசரமாக விளக்கைத் துடைக்கிறார்கள். பாக் சமாட்டே ஒரு முறை மாட்டிக்கொண்டு, திட்டு வாங்கி, பல்பு மாற்றினார்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் கிருஷ்ணம்மாவும் கமலாம்பிகையும் மட்டும் படகில் போகிறார்கள். முதலில் இரண்டு கணவர்களும் கூடப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், மற்றவர் எழுந்து நின்று கத்துகிறார், அதனால் இருவரையும் ஜெட்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் அங்கே கோப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

போன மாதம் கடல் நடுவில் கமலாம்பிகை முதன்முதலாக வாயைத் திறந்து ஒன்று கேட்டார்.

"நான் ஒருக்கால் பிடிச்சுப் பார்க்கட்டா?"

கிருஷ்ணம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சுக்கானை விட்டுக்கொடுத்தார். கமலாம்பிகை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். வேகக் கைப்பிடியை ஒரே தள்ளாக முன்னால் தள்ளினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கிருஷ்ணம்மாவின் செருப்பு ஒன்று கடலில் போனது.

"சம்பந்தி! மெதுவா!"

கமலாம்பிகை காதில் வாங்கவில்லை. முகத்தில் தண்ணீர் அடிக்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வளைந்து திரும்பி, இன்னொரு முறை பாய்ந்து, பிறகுதான் வேகத்தைக் குறைத்தார். அவரும் இப்போது ஃபரிடாவின் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். இதைவிடப் பெரிய எஞ்சின் எங்கே கிடைக்கும் என்று பாக் சமாட்டிடம் விசாரித்தும் வைத்திருக்கிறார். சிவகணேசனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.